மேல்லயத்தில் நிற்பது வண்டியல்ல

பெண் பார்க்கப் போன வீட்டில், உட்காரச் சொன்ன நாற்காலியை ஏகநாதன் முதலில் இரண்டு கைகளாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஒரு கால் ஆடியது. "இது வேண்டாமுங்க, வேற போடுங்க" என்றார். பெண் வீட்டார் முகம் சுண்டிவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற அன்னத்துக்கு மட்டும் சிரிப்பு வந்தது. முந்தின வாரம் அவளுடைய பெரியப்பா அதே நாற்காலியோடு சேர்ந்து தரையில் கிடந்தார். அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் நாற்காலியையும் தூக்கிப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை அசைத்துப் பார்க்கலாம் என்று அந்த வீட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் அப்போதே முடிவு செய்தாள்.

ஏகநாதன் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவு ஊழியர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறி வந்து, அருவங்காட்டிலேயே தங்கிவிட்டவர். அவர் மேசைக்கு வருகிற உதிரிப் பாகத்தை அளவுகோல் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் 'ஏற்கப்பட்டது', இல்லாவிட்டால் 'நிராகரிக்கப்பட்டது'. கீழே பெயர், பதவி. இருபத்தைந்து வருஷம் ஒரே காரியத்தைச் செய்தால் அது கையோடு நிற்குமா? நாக்குக்கும் பரவிவிட்டது. சாம்பாரை வாயில் வைத்ததும் ஒரு கணம் கண்ணை மூடி, "ஏற்கப்பட்டது" என்பார். மகள் ஸ்ரீமதி பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை நீட்டினால் மதிப்பெண்ணைத் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. போனை எடுத்தால் ஹலோ கிடையாது; "ஏகநாதன், முதுநிலைப் பரிசோதகர்." எதிர்முனையில் இருப்பது பால்காரராக இருந்தாலும் அதேதான்.

இப்படிப்பட்டவர் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியதற்குக் காரணம் சொந்தக்காரர்கள். நீலகிரியில் வீடு வைத்திருப்பவனுக்குச் சித்திரை வெயில் அடித்தால் உறவு பெருகும். ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்தி வீட்டார் வரை மேட்டுப்பாளையம் வழியாக மேலே வருவார்கள். ஏகநாதனும் அன்னமும் அவர்களைக் கூட்டிக்கொண்டு ரோஜாத் தோட்டத்துக்கும் படகு இல்லத்துக்கும் நடப்பார்கள். அங்கே செடிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் பார்த்ததைவிட அதிகமான ரோஜாக்களை அன்னம் பார்த்திருந்தாள்.

"எந்தச் சொந்தக்காரன் காரும் வர முடியாத எடமா ஒண்ணு வேணுமுங்க. அங்க போய் நாம மூணு பேரும் ஒரு நாளாவது சோறாக்கித் திங்கோணும்" என்றாள்.

இது அன்னத்தின் தம்பி கீர்த்திவாசன் காதில் விழுந்தது. கோவையில் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கிறவன் அவன். சீட் உறை, ஹாரன், ஸ்டிக்கர் என்று விற்றுக்கொண்டிருந்தவனுக்கு, குடும்பத்தோடு காடு மேடெல்லாம் வண்டியில் ஏறித் திரிகிற வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து புத்தி வேறு திசையில் ஓடியது.

"இப்ப எல்லாரும் அப்படித்தானுங்க மச்சான். வண்டி மட்டும் வாங்குங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்த டபுள் கேபின் பிக்கப் ஒன்று கிடைத்தது. வாங்கிய அன்று அது வண்டியாகத்தான் இருந்தது. கீர்த்திவாசன் அதைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது அது ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. அடியில் ஸ்பிரிங் மாற்றி உயர்த்தியிருந்தான். சேற்றுக்கென்றே செய்த டயர்கள், ஆட்டுரல் மாதிரி, உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. முன்னால் இரும்புத் தடுப்பு, அதில் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச். பின்னால் இழுத்தால் அடுப்பும் மசாலா டப்பாக்களும் வெளியே வரும் பெட்டி. தலைக்கு மேல் மடக்கு கூடாரம். கண்ணாடியை ஒட்டிக் கூரை வரை ஒரு கறுப்புக் குழாய்.

"இதென்னடா, வண்டிக்கு நாயனம் வெச்சிருக்கே?" என்று அன்னம் கேட்டாள்.

"அது ஸ்நார்க்கல்க்கா. தண்ணிக்குள்ள முங்குனாலும் வண்டி மூச்சு வாங்கும்."

"வண்டி வாங்கும். உள்ள உக்கார்ந்திருக்கற நாங்க?"

கீர்த்திவாசன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க எறங்கிக்கோணும்க்கா."

ஏறுவதே பெரிய பாடாக இருந்தது. அன்னம் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறித்தான் உள்ளே போக முடிந்தது. எல்லாரும் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு முக்காலி கீழே தெருவிலேயே நின்றது. அதை எடுக்க ஸ்ரீமதி இறங்கினாள். எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் ஏற முடியவில்லை. மறுபடி முக்காலியை இறக்கினார்கள். கடைசியில் ஏகநாதன் முக்காலிக்குக் கயிறு கட்டினார். ஏறியபின் கிணற்று வாளி மாதிரி இழுத்துக்கொள்ளலாம்.

கூடாரத்தையும் பரிசோதிக்க வேண்டுமே. ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, தெருவில் நின்ற வண்டியின் தலைமேல் கூடாரத்தை விரித்து ஏகநாதன் உள்ளே போய்ப் படுத்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா அன்னத்திடம் வந்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த காலைக் காட்டி, தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஏனுங்க, உங்களுக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா?"

பூஜை போட வேண்டும் என்றான் கீர்த்திவாசன். ஆக்சில் முறியாமல் இருக்க ஆக்சில் நன்றாக இருந்தால் போதும் என்பது சாமான் விற்கிறவனுக்கே தெரியவில்லை. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார்கள். மூன்று நசுங்கின. நாலாவது, டயரின் பள்ளத்துக்குள் பதமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி முழுசாக வெளியே வந்து உருண்டது. பூசாரிக்கு முகம் மாறியது. "சகுனம் தடுக்குதுங்க" என்றார். பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்து பார்த்தார்கள். பழம் சுற்றுலா வந்ததுபோல் டயரோடு போய்ப் போய் வந்தது. "இதுல சகுனம் எங்கிருக்குதுங்க? டயர்ல பள்ளம் பழத்தவிடப் பெருசு. அவ்வளவுதானுங்க" என்று ஏகநாதன் ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். அளந்து காட்டினால் ஒப்புக்கொள்கிறவர்கள் சகுனம் பார்ப்பதில்லை. கீர்த்திவாசன் பூசாரி அசந்த நேரம் பழத்தைக் காலால் மிதித்துப் பிரச்சினையை முடித்தான்.

வண்டி தயார். போவதற்குத்தான் இடம் இல்லை. காட்டுக்குள் ஏற்றினால் வனத்துறை பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். புல்வெளியில் ஏற்றினால் வழக்கு. தேயிலைக்குள் போனால் வாட்ச்மேன் விரட்டுவார். மிச்சமெல்லாம் தார் ரோடு. வருஷத்துக்கு ஒரு வாரம் ஆள் வந்து தங்குகிற பங்களாவுக்கும், ஒரே ஒரு ரிசார்ட்டுக்கும், தார் வழுவழுவென்று போயிருந்தது. சட்டப்படி யாரும் தடுக்காத கரடுமுரடான பாதை இந்த மலையில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனால், அது ஏழைகள் தினமும் நடக்கிற பாதையில்தான் போய் முடிகிறது. அப்படி அகப்பட்டதுதான் மேல்லயத்துப் பாதை.

தேன்மலை எஸ்டேட்டின் உச்சியில் இருக்கிற வரிசை வீடுகளுக்கு மேல்லயம் என்று பெயர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். லைன் வீட்டை அங்கே சொன்னபடி இன்னும் லயம் என்றுதான் சொல்வார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேலே மூன்று வளைவுகள். முதல் வளைவு வரை கல். இரண்டாவதில் சேறு. மூன்றாவதில் பாதை மழைத்தண்ணீரோடு போய்விட்டது. பாறையில்தான் கால் வைக்க வேண்டும். அரிசி மூட்டை தலையில் ஏறும். பிரசவ வலி கண்டவள் நாற்காலியில் இறங்குவாள். இதற்கு ரோடு கேட்டு அவர்கள் கலெக்டர் ஆபீஸின் ஒவ்வொரு குறைதீர் நாளிலும் மனு கொடுத்து, மனு எழுதிக்கொடுக்கிற ஆள்களே இரண்டு தலைமுறை மாறிவிட்டார்கள்.

இதெல்லாம் ஏகநாதனுக்குத் தெரியாது. நாலு பேரும் வண்டியில் ஏறி, முக்காலியை இழுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். முதல் வளைவில், தலையில் சும்மாட்டின்மேல் கேஸ் சிலிண்டரோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். வண்டியைக் கண்டு ஒதுங்கி நின்றாள். அவள் பெயர் கருப்பம்மா, மேல்லயத்தில் கொழுந்து பறிக்கிறவள்.

"எங்க சார் போறீங்க?"

"சும்மாதானுங்க. ஒரு அட்வெஞ்சர்."

"அப்படீன்னா?"

ஸ்ரீமதி கண்ணாடியை இறக்கிச் சொன்னாள். "கஷ்டமான எடத்துக்கு வேணும்னே போறதுங்க."

சிலிண்டர் இருப்பதால் கருப்பம்மாவால் தலையைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் திருப்பினாள். "நாங்க அத தெனமும்தான் செய்றோம். பேருதான் தெரியாமப் போச்சு."

அன்னத்துக்குச் சுருக்கென்றது. "சிலிண்டரை வண்டியில ஏத்திக்குங்க. நீங்களும் ஏறுங்க."

"வெயிட்டு ஒரு பக்கமா சாஞ்சுரும்க்கா" என்றான் கீர்த்திவாசன். அன்னம் பார்த்த பார்வையில் வாயை மூடினான்.

கருப்பம்மா வண்டியின் உயரத்தைக் கீழிருந்து மேலாக அளந்தாள். "அந்த ஒசரத்துக்கு இதத் தூக்கி வெக்கிற நேரத்துல நான் ஊட்டுக்கே போயிருவேன்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்படியே ஆயிற்று. சேற்றில் ஒரு முறை, பாறையில் ஒரு முறை வின்ச் கயிற்றை மரத்தில் கட்டி இழுத்து, கீர்த்திவாசன் இறங்கி வழி காட்டி, இவர்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் சிலிண்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்து, தேயிலை கொதிக்கவிட்டிருந்தாள்.

யாருமில்லாத இடம் என்று நினைத்து வந்தவர்கள் லயத்து வாசலில், அத்தனை பேரும் பார்க்க, கூடாரத்தை விரித்தார்கள். பெட்டியை இழுத்து அடுப்பை எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. "இவங்களுக்கு வீடு இல்லியாம்மா?" அன்னம் உப்புமாவைக் கிண்டிய வேகத்தில் பாதி கீழே கொட்டியது.

ஏகநாதனுக்கு மட்டும் அதெல்லாம் உறைக்கவில்லை. அவர் உடம்பெல்லாம் வெற்றி. மேட்டில் ஏறி நின்றார். ஸ்ரீமதி போனை நீட்டிப் படம் பிடித்தாள். மகிழ்ச்சியில் மற்றவர்கள் கை ஆட்டுவார்கள், விசில் அடிப்பார்கள். ஏகநாதன் விறைப்பாக நின்று சொன்னார்: "மேல்லயம் பாதை பரிசோதிக்கப்பட்டது. வாகனப் போக்குவரத்துக்குத் தகுதியானது. ஏற்கப்பட்டது. ஏகநாதன், முதுநிலைப் பரிசோதகர்."

மாமன் கடையின் பெயரையும் சேர்த்து ஸ்ரீமதி அதை இணையத்தில் போட்டாள். நிறையப் பேர் பார்த்தார்கள்.

மழை தொடங்கிய சமயம், ஒரு விடுமுறை நாளில் கருப்பம்மா அருவங்காட்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்னம் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை.

"சார், எங்க பாதையப் பத்தி ஏதோ சொல்லி வெச்சீங்களாமே."

"நானுங்களா?"

"நீங்கதான். குறைதீர் நாள்ல போயி நின்னோம். இந்தத் தடவ ரோடு வந்துரும்னு ஆபீஸ்லயே சொல்லியிருந்தாங்க. இஞ்சினியர் சார் போன எடுத்து எங்க கையில குடுத்தாரு. பாத்தா உங்க மூஞ்சி. வண்டி போற ஊருக்கு எதுக்கு ரோடுன்னு கேக்குறாரு." அவள் குரலில் கோபம்கூட இல்லை; அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "நாங்க காலையில தோட்டத்துப் பெரட்டுல பேரு குடுக்காம, வேலைய விட்டுட்டு, அரநாள் கூலிய விட்டுட்டு, வருசம் பூராப் போயி நின்னு சொன்னத யாரும் எழுதிக்கல. நீங்க ஒரு தடவ வந்து உப்புமா தின்னுட்டுச் சொன்னத எழுதிக்கிட்டாங்க."

அன்னம் ஏகநாதன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, அந்த நாக்க ஒரு நாளாச்சும் ஊட்லயே வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதுங்களா? நாளைக்கு லீவு போடுங்க."

சாலை ஆபீஸ் உதவிப் பொறியாளர் இளங்குமரன் சின்ன வயசுக்காரன். மரியாதை தெரிந்தவன். அநியாயத்தை விதியின்படி, வருத்தத்தோடு, நாற்காலி கொடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ரகம்.

"இந்த நிதி வண்டி போகாத ஊருக்கு மட்டும்தானுங்க. வண்டி போகாதுன்னு நான் நேர்ல போய்ப் பாத்து எழுதோணும். நேர்ல போறதுன்னா வண்டியில போகோணும். ஆபீஸ் ஜீப்பு மொத வளைவத் தாண்டாது. அதனால இத்தனை வருசமா 'பார்வையிடப்படவில்லை'ன்னு எழுதிட்டு இருந்தமுங்க."

"நடந்து போலாமில்லீங்களா?"

"நடந்து போறதுக்கு அந்தப் படிவத்துல எடமில்லீங்க சார். எப்படியாவது முடிச்சு அனுப்புன்னு மேல இருந்து இந்த வருசம் சொன்னாங்க. அதுக்குள்ள உங்க வீடியோ வந்துருச்சு."

"நான் வாய் தவறிச் சொல்லிட்டனுங்க."

இளங்குமரன் வருத்தமாகச் சிரித்தான். "வாய் தவறி யாராச்சும் பதவியச் சொல்லுவாங்களா சார்?"

வண்டி ஏற முடியாததால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததால் ரோடு இல்லை. வண்டி ஏறிவிட்டால் ரோடு தேவையில்லை. ஆகையால் ரோடு இல்லை. மேல்லயம் எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் ரோடு இல்லாமல் இருக்கும்படி, படித்தவர்கள் பலர் கூடி உட்கார்ந்து யோசித்துச் செய்திருந்தார்கள். மந்திரம் தந்திரம் என்று சிரிக்கிறோம். இதற்கு முன்னால் எலுமிச்சம்பழம் எவ்வளவோ மேல்.

கடைசியில் மறுபரிசோதனை என்று பேசி முடித்தார்கள். அதே வண்டி, அதே ஓட்டுநர், கூடவே இளங்குமரன். வண்டி மாட்டிக்கொண்டால், வீடியோவுக்கு மறுப்பாக 'செல்ல இயலாது' என்று அவன் எழுதிவிடுவான்.

ஏகநாதன் பிழைப்பில் ஒரு பொருளையும் வேண்டுமென்றே தோற்கடித்ததில்லை. அது அவருக்குத் திருட்டு. ஆனால் ஆடி மழையில் பாதை தானாகவே தோற்கும், தான் நேர்மையாக ஓட்டினால் போதும் என்று தேற்றிக்கொண்டார். கருப்பம்மாவும் லயத்துப் பெண்களும் அவ்வளவு நம்பிக்கை வைக்கவில்லை. விடிந்ததும் மண்வெட்டியோடு இரண்டாவது வளைவுக்கு வந்து, சேற்றுக்குழியை இன்னும் தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ரோடு போடச் சொல்லி மனு கொடுத்த கைகள் இருந்த பாதையையும் வெட்டிக்கொண்டிருந்தன. வேறு என்னதான் செய்வார்கள்?

பிசகு ஒன்று நேர்ந்தது. கீர்த்திவாசனிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. அரசாங்கமே தன் வண்டியைப் பரிசோதிக்க வருகிறது என்று கேள்விப்பட்டு, கடைப்பெயர் போட்ட பனியனோடு கோவையிலிருந்து வந்து, கூடவே புறப்பட்ட அன்னத்துக்கும் ஸ்ரீமதிக்கும் நடுவில், பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது வளைவு. பெண்கள் கொழுந்துக்கூடையும் கையுமாக, தற்செயலாக நிற்பதுபோல் நின்றார்கள். ஏகநாதன் குழியின் ஆழமான பக்கமாகவே விட்டார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, நின்றது. சக்கரம் சேற்றை வாரி அடித்தது. இளங்குமரனின் பேனா தாளை நெருங்கியது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லோ கியர் போடுங்க மச்சான்" என்றான் பின்னாலிருந்து கீர்த்திவாசன்.

"இருக்கட்டும் மாப்ள."

"இந்த லீவர்தானுங்க மச்சான்."

"கைய எடு மாப்ள."

"மாமா, சும்மா இருங்க மாமா" என்று ஸ்ரீமதி அவன் பனியனைப் பிடித்து இழுத்தாள். அவன் அதற்குள் எட்டி லீவரைத் தள்ளியிருந்தான். வண்டி குளத்திலிருந்து எருமை எழுவதுபோல் நிதானமாக எழுந்து, உடம்பை உலுக்கி, மேட்டில் ஏறியது. கீர்த்திவாசன் விற்ற சாமான் எல்லாம் ஒரே நேரத்தில் சொன்ன வேலையைச் செய்தது அவன் வியாபாரத்தில் அதுதான் முதல் தடவை. பாறை வளைவையும் வண்டி மூச்சு வாங்காமல் தாண்டியது.

மேலே, லயத்து வாசலில் இறங்கி, இளங்குமரன் வண்டியின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதக் குனிந்தான். பின்னாலேயே ஏறி வந்த கருப்பம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து புடவைச் சேற்றைச் சுரண்டினாள்.

"சரி சார். வண்டி வருது. ஒத்துக்கிட்டோம்" என்றாள் ஏகநாதனைப் பார்த்து. "இனிமே யாருக்காவது நெஞ்சுவலி வந்தா உங்களுக்கு ஒரு போன் போடுறோம். அட்வெஞ்சருக்கு வந்துட்டுப் போங்க."

ஏகநாதன் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ தப்பு. இத்தனை வருஷப் பழக்கத்தில், தப்பு எங்கே என்று தெரிவதற்கு முன்னாலேயே தப்பு இருப்பது தெரிந்துவிடும். தொழிற்சாலையில் ஒரு தடவை, நல்ல பாகமெல்லாம் தள்ளுபடி ஆகி, ஓட்டைப் பாகமெல்லாம் தேறி வந்தது. பாகத்தில் கோளாறில்லை, அளவுகோல் தேய்ந்திருந்தது. அளவுகோல் தப்பென்றால் அதை வைத்து ஏற்றுக்கொண்டது எதுவும் செல்லாது. அவர் இதுவரை பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதையை அளந்தது எதை வைத்து?

"எழுதாதீங்க சார்" என்றார். "அளவுகோல் சரியில்லீங்க."

"எந்த அளவுகோலுங்க?"

"இந்த வண்டி. கம்பெனி இதை இப்படிச் செய்யலீங்க. ஆர்.சி. புக்குல இருக்கறது வேற வண்டி. உயரம் வேற, டயர் வேற. இப்படி மாத்துனது சட்டப்படி ரோட்டுல ஓடக்கூடாதுங்க."

"மச்சான்" என்றான் கீர்த்திவாசன் மெல்ல. "வேண்டாமுங்க மச்சான்."

இளங்குமரன் நிமிர்ந்தான். "சார், இத நான் எழுதுனா ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். ஆர்.சி.ய நிறுத்தி வெப்பாங்க. அபராதம் வேற. யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சும்மா இருந்தா வண்டியோட போயிரலாம்."

அவ்வளவுதான் விஷயம். சும்மா இருந்தால் வண்டி. பேசினால் ரோடு, ஒருவேளை. ஏகநாதன் அன்னத்தைத் திரும்பிப் பார்த்தார். அவளும் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அந்தப் பெட்டியில் மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாக அடுக்கியவள் அவள்.

"என்னைய எதுக்குங்க பாக்கறீங்க?" என்றாள் அன்னம். "அளக்கறதுக்கு இருக்கறது வண்டி. அதப் பாருங்க."

ஏகநாதன் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். மழைத்தூறலில் குனிந்து டயரை அளந்தார். தரையிலிருந்து அடிப்பாகம் வரை அளந்தார். இரும்புத் தடுப்பைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார், இளங்குமரன் எழுதிக்கொண்டான். கீர்த்திவாசன் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தான். ஸ்நார்க்கல் வந்தபோது கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

கடைசியாக ஏகநாதன் நிமிர்ந்து நின்றார். "நிராகரிக்கப்பட்டது. ஏகநாதன், முதுநிலைப் பரிசோதகர்."

இளங்குமரன் நெற்றியைச் சுருக்கினான்.

"அப்படீன்னா இது சட்டப்படி வண்டியே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் நான் எப்படி மேல வந்தேன்?"

"வந்துட்டீங்களா இல்லியா?" என்று கருப்பம்மா கேட்டாள்.

"வந்துட்டேன்."

"வண்டி வந்துச்சா?"

"சட்டப்படி..." அவன் தாளைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பையனின் முகம் அவனுக்கு வந்தது. "வரலீங்க."

இடத்தை நேரில் பார்வையிட்டாரா: ஆம். வாகனம் செல்லும் நிலையில் உள்ளதா: இல்லை. சேர்ந்து விழவே முடியாதபடி செய்து வைத்திருந்த இரண்டு பதில்களும் ஒரே தாளில் விழுந்தன. எட்டி நின்று பார்த்தால் சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஒரு ஊரை இத்தனை காலம் நடக்கவிட்ட பைத்தியத்தை, அது பேசுகிற மொழியிலேயே பேசித்தான் மடக்க வேண்டியிருந்தது.

கீழே போக வேண்டும். வண்டியல்லாததை ஓட்டக்கூடாது. பழையபடி வண்டியாக்க வேண்டுமென்றால் சாமானையெல்லாம் கழற்ற வேண்டும். கழற்றினால் இந்தப் பாதையில் இறங்காது. ஏகநாதன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். கருப்பம்மா கையை நீட்டினாள்.

"அதக் குடுங்க சார்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமுங்களா?"

"எதுக்கு ஓட்டணும்? ரோடு வார வரைக்கும் இது இங்க கெடக்கட்டும். அப்பத்தான் நீங்க அந்த ஆபீஸுக்கு மறக்காமப் போவீங்க. எங்களுக்குப் பதிலா ஒரு ஆளு போய்க் கேக்கட்டுமே."

அவர் கொடுத்துவிட்டார். எல்லாரும் நடந்து இறங்கினார்கள். கீர்த்திவாசன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டாவது வளைவில், காலையில் பெண்கள் வெட்டிய குழியின் ஓரத்தில், இளங்குமரனின் ஆபீஸ் செருப்பு வழுக்கிவிட்டது. தாளை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அவன் இடுப்பளவு சேற்றில் போய் உட்கார்ந்தான். ஏகநாதன் கை கொடுக்கக் குனிந்தார். வழியனுப்ப வந்திருந்த கருப்பம்மா அவரைத் தடுத்தாள்.

"அவசரமில்ல சார். உக்காந்த எடத்துலயே அதையும் எழுதிக்கட்டும்."

அவன் எழுதிக்கொண்டான்.

ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து கடிதம் உடனே வந்தது. ரோடு ஆணை வர இன்னொரு மழை ஆயிற்று. அதுவரை ஏகநாதன் சாலை ஆபீஸில் போய் உட்கார்ந்த விதத்தில், அவர் படியேறினாலே இளங்குமரன் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவான். இப்போது ஜல்லி முதல் வளைவைத் தாண்டியிருக்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஏகநாதனும் அன்னமும் மேலே நடந்து போகிறார்கள். கருப்பம்மா சாவியைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று, எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியதும் திரும்ப வாங்கிக்கொள்கிறாள். கூடாரத்தில் எப்போதும் இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். இறங்கச் சொன்னால் முறைக்கிறார்கள். போன வாரம் புது ஜல்லியைக் காலால் தட்டிப் பார்த்த ஏகநாதன் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க" என்றாள் அன்னம்.

அவர் மூடிக்கொண்டார்.